வெயிலுக்கு ஓர் அறை

அந்தத் தெருவில் நான் குடியிருந்த ஏழு வருஷமும், கடைசி ஒரு வருஷம் நீங்கலாக, என் அறையின் தரை சூடாகவே இருந்தது. கீழே சலவைக்கடை. கடையின் பாய்லர் என் கட்டிலுக்கு நேர் கீழே இருந்தது. அதன் புகைக்குழாய் என் தரைக்கு அடியில் ஓடி, சுவரை ஒட்டி ஏறிக் கூரைக்கு வெளியே போயிற்று. விடிகிற நேரத்தில் பாய்லரைப் பற்றவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தரைப் பலகைகளின் இடுக்கு வழியாக ஆவி மெல்ல எழும்பி வரும். சோப்பு வாசனையும் நீலத்தின் வாசனையும் இஸ்திரிச் சூட்டின் லேசான கருகலும் கலந்த ஆவி. நான் பாதி உறக்கத்தில் கிடப்பேன். கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி மிதப்பது போல இருக்கும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தாலும் அந்த மிதப்பிலிருந்து இறங்க மனசு வராது.

எனக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. வரைபடங்களில் ஊர்ப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் மையால் எழுதுவேன். ஆறு வளைந்தால் எழுத்தும் வளைய வேண்டும். அதற்கு மேல் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

கீழே மூன்று பேர். கடைக்காரர், அவர் மனைவி, கடைக்காரரின் அக்கா. கடைக்காரரைத் தெருவே ‘ஆகட்டும்’ என்றுதான் சொல்லும். யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும், எப்போது வேண்டும் என்று கேட்டாலும், அவர் வாயில் வருகிற சொல் அது ஒன்றுதான். “நாளைக்கே வேணுமே?” “ஆகட்டும்.” “திரைச்சீலை பத்து இருக்கு.” “ஆகட்டும்.” “நாய் படுக்கிற மெத்தை உறை, கொஞ்சம் நாத்தமா இருக்கும்...” “ஆகட்டும், கொண்டாங்க.” ஒரு தடவை வெளியே தெருவில் போன யாரோ, வேறு யாரையோ பார்த்து, “சாயங்காலம் வந்துடறியா?” என்று கேட்டதற்கு இவர் உள்ளேயிருந்து “ஆகட்டும்” என்று குரல் கொடுத்தார் என்று அவர் அக்கா சொல்வாள்.

அந்த அக்காவுக்குக் கறையக்கா என்று பெயர். பின்கட்டில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கறை எடுப்பது அவள் வேலை. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தே சொல்லிவிடுவாள். “இது சாயமில்ல, இருமல் மருந்து. அதுவும் பாதி பாட்டில்.” என் சட்டைகளைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. “மாடி சார் டீ குடிக்கறதில்ல. சட்டைக்குக் குடுக்கறாரு.”

கடைக்காரரின் மனைவியை எல்லோரும் இஸ்திரியம்மா என்பார்கள். அதிகம் பேசமாட்டாள். விடுமுறை நாட்களில் நான் மாடிப்படியில் உட்கார்ந்து, அவளும் கறையக்காவும் படுக்கை விரிப்பு மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். ஓர் உதறு. விரிப்பு காற்றில் புடைத்து எழும்பி மெதுவாக இறங்கும். பிறகு எதிரெதிராக நடந்து வருவார்கள். முனையோடு முனை சேரும்போது இருவர் விரல்களும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். மறுபடி பின்னால். மறுபடி முன்னால். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். விரிப்பு எப்போது சின்னச் சதுரமாயிற்று, அடுத்தது எப்போது விரிந்தது என்று தெரியாது.

மத்தியானம் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்ட பிறகு இஸ்திரியம்மா துணி மூட்டைமேல் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணயர்வாள். அப்போதும் அவள் வலது கை மூட்டையின் மேல் போய் வந்துகொண்டிருக்கும். அமுக்கி, தள்ளி, திருப்பி, நிறுத்தி. ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு நான் அப்படியே நின்றேன். ஆகட்டும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

“காலருக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கா சார். முடிச்சுட்டு எழுந்திருப்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அவரே போய் அவள் கைக்கு அடியில் ஒரு மெல்லிய துணியை மடித்து வைத்தார். சாக்கு முரடு. கை உரசும் அல்லவா.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பின் முற்றத்தில் பதினொரு கொடிகள் இருந்தன. ஒன்றிலும் துணி போட வழியில்லை. மாடிப்படியில் கொடி கட்டினார்கள். அப்புறம் கூச்சத்தோடு வந்து கேட்டு என் அறைக்குள்ளும் கட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களின் பைஜாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து நான் ரொட்டி தின்றேன். காற்று வந்தால் எல்லாக் கைகளும் ஒன்றாக அசையும். வெளியே மழைச் சத்தம், உள்ளே ஈரத்துணியின் மௌனம். ஒரு பெரிய கூட்டம் எதற்கோ காத்திருப்பது போல இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு லாட்ஜ் திறந்திருந்தார்கள். அதன் மேனேஜர் எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். குடையை மடக்காமலேயே வாசலில் நின்று பேசுவார்.

“இருநூறு விரிப்பு. நாள் விட்டு நாள் வேணும்.”

“ஆகட்டும்.”

“தலையணை உறை தனி.”

“ஆகட்டும்.”

உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியதை நான் கேட்டேன். ஆகட்டும் கேட்டிருக்கமாட்டார். அவர் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

தெருமுனையில் ஒரு பெண் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் போட்டுக்கொள்ள ஒரே ஒரு வெள்ளைக் கோட்டு, அதுவும் யாரோ போட்டுப் பழகியது. அதை மூன்று நாள் முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்து, “திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். கண்டிப்பா வேணும்” என்று சொல்லியிருந்தாள். அவரும் “ஆகட்டும்மா” என்று சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை நான் குடையோடு இறங்கி வந்தபோது அந்தப் பெண் கடையில் நின்றிருந்தாள். கோட்டு காயவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே உலர்ந்த இடத்தை மூன்று நாளாக லாட்ஜ் விரிப்புகள் பிடித்துக்கொண்டிருந்தன. காய்ந்து மடித்த விரிப்புகள் மேசைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தூணாக நின்றன. இஸ்திரியம்மா ஈரக் கோட்டின் மேல் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். புஸ்ஸென்று ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது. தையல் ஓரமெல்லாம் ஈரம் அப்படியே இருந்தது.

“இன்னும் பத்து நிமிஷம்மா.”

“எட்டு மணிக்கு உள்ள இருக்கணும்க்கா. முதல் நாளு.”

“அஞ்சு நிமிஷம்.”

“குடுங்க, பரவால்ல.”

அந்தப் பெண் கோட்டை வாங்கிக் கைகளை நுழைத்தாள். தோள் ஒரு தடவை நடுங்கியது. பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, “மழைல எல்லாரும் நனைஞ்சுதான வருவாங்க. யாருக்குத் தெரியப் போவுது” என்று சிரித்தாள். எங்களுக்கு ஆறுதல் சொல்கிறாள்! அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். குடையை விரித்துக்கொண்டு அவள் ஓடுவதை மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். முதுகில் கோட்டு ஒட்டிக்கிடந்தது.

இஸ்திரியம்மா உள்ளே வந்து பெட்டியை அணைத்தாள். காலை ஏழரை மணிக்கு அந்தப் பெட்டி அணைந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறைக் கதவு தட்டப்பட்டது. இஸ்திரியம்மா. கையில் பழைய காலண்டர் தாள் ஒன்று, பின்பக்கம் வெள்ளையாக.

“சார், உங்க எழுத்து அழகா இருக்கும்னு அண்ணி சொன்னாங்க. ஒண்ணு எழுதித் தரணும்.”

“என்ன எழுதணும்?”

“நம்ம கடை எதுக்கு இருக்குன்னு.”

அவளுக்குப் பின்னால் படியில் ஆகட்டும் நின்றிருந்தார். “துணி துவைக்க இருக்கு. இதைப் போய் எழுதி வெப்பாங்களா? சாரைத் தொந்தரவு பண்ணாத.” அவருக்கும் பின்னால் கறையக்கா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள்.

தொங்குகிற துணிகளுக்கு நடுவில் மூன்று பேரும் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்கு முழுசாகத் தெரியாது. ஒரு சட்டைக்கு இந்தப் பக்கம் குரல் வரும், ஓர் உறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். நான் மையில் பேனாவைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஆகட்டும் தொண்டையைச் செருமினார்.

“எழுதுங்க சார். இந்த ஊர்லயே பெரிய சலவைக்கடை.”

“இருங்க சார், எழுதாதீங்க” என்றாள் இஸ்திரியம்மா. “பெரிசுன்னா எவ்ளோ பெரிசு?”

“பெரிசுன்னா பெரிசுதான். இது என்ன கேள்வி?”

“அளவு சொல்லுங்க.”

“மூணு கடை. இல்ல, நாலு. வண்டி ஒண்ணு. வண்டி மேல நம்ம பேரு.”

“எந்த வருஷம்?”

“ஆகும்போது ஆகும்.”

“ஆயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“வந்து சேந்தா தெரியாமயா போவுது?”

ஒரு நீளமான கவுனுக்குப் பின்னாலிருந்து கறையக்காவின் குரல் வந்தது. “போர்டு இல்லாத பஸ்ல ஏறி உக்காந்துட்டு, நான் எங்க இறங்கணும்னு கண்டக்டரக் கேக்கறான் என் தம்பி.”

“அக்கா, நீ கறையப் பாரு.”

“அதத்தான்டா பாத்துக்கிட்டு இருக்கேன். லேசுல போறதா தெரியல.”

அவர் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். பிறகு மனைவி இருந்த பக்கம் திரும்பி, “சரி, உனக்கு என்ன வேணும்? நீ சொல்லு” என்றார்.

பிறகு அவள், யாருக்கோ தொலைவில் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு ஒரு ரூம் வேணும். மத்தியானம் தூங்கறப்ப அடிக்கடி கனவுல வருது. ஜன்னல் இல்லாத ரூம். உள்ள போனா வெயில் அடிக்குது. எங்கேருந்து வருதுன்னு தெரியல. வரிசையா துணி தொங்குது. ஆடாம, அசையாம. நான் நடுவுல நடந்து போறேன். தொட்டுப் பாத்தா எல்லாம் காஞ்சிருக்கு. வெளிய மழைச் சத்தம் கேக்குது. கேட்டா கேக்கட்டும்னு நான் பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கேன்.”



“கனவுல நான் இருக்கனா?” என்று அவர் கேட்டார்.

“இருக்கீங்க. வாசல்ல நின்னு யாருக்கோ ஆகட்டும் சொல்லிக்கிட்டு இருக்கீங்க.”

கறையக்கா கவுனில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள்.

வெறும் கனவு இல்லை என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பின்கட்டில் விறகுக் கொட்டகை சும்மா கிடக்கிறது. பாய்லர் சூடு வீணாக மேலே போகிறது. குழாயைத் திருப்பி, கொட்டகையைச் சுற்றி ஒரு வளையம் விட்டு வெளியேற்றினால் உள்ளே எந்த மழைக்கும் துணி காயும்.

“சாருக்குத்தான் இங்க குளிரும்” என்று என்னைப் பார்த்தாள்.

“கம்பளி வாங்கிக்கறேன்” என்றேன்.

“கட்ட நேரம் எங்கடி இருக்கு?” என்றார் அவர். “காலைலேருந்து ராத்திரி வரைக்கும் துணி வந்துக்கிட்டே இருக்கு.”

“அதான் சொல்றேன். நேரம் வேணும்னா வேலை குறையணும். குறையணும்னா வர்றவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லணும்.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“பதினெட்டு வருஷம் முன்னாடி, நீ கல்யாணமாகி வர்றதுக்கு முந்தி நடந்தது இது. கடை தொறந்து ஆறு வாரம் ஒரு ஆளு வரல. நானும் அக்காவும் பாய்லரைப் பத்த வெச்சுட்டு உக்காந்திருப்போம். ஆவி வந்தாதான் கடை ஓடுதுன்னு நாலு பேரு நெனப்பாங்கன்னு எங்க துணியையே எடுத்துத் துவைச்சோம். காஞ்சதும் மறுபடி துவைச்சோம். என்கிட்ட இருந்த ரெண்டு சட்டையும் துவைச்சுத் துவைச்சே கிழிஞ்சுது. ஒரு நாள் அழுக்காவல அது ரெண்டும். ஏழாவது வாரம் ஒருத்தர் வந்து, கோட்டு ஒண்ணு இருக்கு, செய்வீங்களான்னு கேட்டாரு. ஆகட்டும்னேன். அன்னைக்குப் பிடிச்ச வார்த்தை.”

“அந்தக் கோட்டுல அழுக்கே இல்லடா” என்றாள் கறையக்கா. குரலில் கேலி இல்லை. “புதுசு. பாவம் பாத்துக் குடுத்தாரு.”

“தெரியும்க்கா.”

இஸ்திரியம்மா துணிகளை விலக்கிக்கொண்டு அவரை முழுசாகப் பார்த்தாள். “இத்தனை வருஷத்துல ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு.”

“இப்ப நடக்கறதயும் பாருங்க. நம்ம துணியத் துவைக்க நமக்கு நேரமில்ல. உங்க காலரப் பாருங்க.”

அவர் கையால் காலரைத் தொட்டுப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்தது. ஊர் துணியெல்லாம் வெளுக்கிறவரின் கழுத்தில் ஒரு விரல்கடை அழுக்கு. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

“எழுதுங்க சார்” என்றார். “அவ சொல்றத எழுதுங்க.”

‘அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பின்கட்டில் உலர்த்தும் அறை’ என்று நான் பென்சிலால் கோடு போட்டுத் தொடங்கினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “உலர்த்தும் அறைன்னா ஆபீஸ் மாதிரி இருக்கு. வெயில் அறைன்னு போடுங்க” என்றார். போட்டேன். அதற்குக் கீழே: ‘சொன்ன நாளில் துணி.’ அதற்குக் கீழே: ‘ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.’ இது கறையக்கா கேட்டது. “வாரத்துல ஒரு நாளு எவன் என்னத்தக் கொட்டிக்கிட்டான்னு தெரியாம இருக்கணும் எனக்கு.”

கடைசி வரியில்தான் தகராறு. ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி எடுப்பது? அவர் முந்நூறு என்றார். இஸ்திரியம்மா, “வாயால சொல்ல வேணாம். ஒரு வாரம் எண்ணிப் பாத்துச் சொல்லலாம்” என்றாள். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற அதே தடித்த எழுத்து. எத்தனையோ ஊருக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். இன்னும் உண்டாகாத இடத்துக்குப் பெயர் எழுதியது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் கறையக்கா எண்ணினாள். துவைத்ததை அல்ல. நன்றாகக் காய்ந்து, மடிப்புக் கலையாமல், சொன்ன நாளில் கடையை விட்டுப் போனதை மட்டும். திங்கள் நூற்றுப் பத்து. செவ்வாய் தொண்ணூறு. வெயில் எட்டிப் பார்த்த வியாழக்கிழமை நூற்று எண்பது. ஆகட்டும் அதைக் கேட்டு நம்பவில்லை. தானே ஒரு தடவை எண்ணினார். பிறகு நீண்ட நேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று பேருமாகப் பேசி நூற்றைம்பது என்று முடிவு செய்தார்கள். நான் இறங்கிப் போய் அந்த இடத்தில் எண்ணை எழுதினேன். தாளை வாடிக்கையாளருக்குத் தெரிகிற மாதிரி மாட்டவில்லை. மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினாள் இஸ்திரியம்மா.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் வந்தார். நான் என் சட்டைகளைக் கொடுக்க நின்றிருந்தேன்.

“இந்த வாரம் கூட்டம் ஜாஸ்தி. நானூறு வரும். வெள்ளிக்கிழமை வேணும்.”

“ஆக...” என்று தொடங்கிய ஆகட்டும் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. கண் மேலே போய்த் திரும்பியது. உள்ளே இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. ஆனால் அவள் தலையைத் தூக்கவில்லை.

“ஆகாதுங்க” என்றார்.

“என்ன?”

“ஆகாதுங்க. நூறு எடுத்துக்கறேன். அதுவும் திங்கக்கிழமை தர்றேன். திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமை.”

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. புரியாத ஒன்றைப் பார்க்கிற முகம். “பாதி இங்க, பாதி அங்கன்னு என்னால அலைய முடியாதுங்க. எல்லாத்தையும் எடுத்துக்கறதுன்னா சொல்லுங்க, இல்லாட்டி விட்டுடுங்க.”

“அப்ப வேற இடம் பாத்துக்குங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

மேனேஜர் போன பிறகு ஆகட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கறையக்கா டீயைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

“நல்லா சொன்னடா.”

“வாயெல்லாம் கசக்குதுக்கா.”

“சக்கர போட்டிருக்கேன். குடி.”

பிறகு வந்தவை ஓய்ந்த நாட்கள். மழை விட்டது. வெயில் வந்தது. ஆனால் லாட்ஜ் போனதில் கடை பாதியாகிவிட்டது. ஒரு நாள் நாற்பது, ஒரு நாள் அறுபது. ஆகட்டும் வாசலில் வந்து நின்று தெருவின் இரண்டு முனைகளையும் பார்ப்பார். உள்ளே போவார். திரும்ப வருவார். மேசைக்குப் பின்னால் நின்று அந்தத் தாளை, பகையாளியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். “நூத்தம்பதுக்கு மேல இல்லன்னு எழுதினோம். நூத்தம்பதுக்குக் கீழ எவ்ளோன்னு எழுதாம விட்டுட்டோமே சார்” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை நான் கண்விழித்தபோது அறை முழுக்க ஆவி. சுவர் தெரியவில்லை. இவ்வளவு ஆவி எழும்புகிற அளவுக்கு வேலை ஏது என்று இறங்கிப் போனேன். ஆகட்டும் தொட்டியில் குனிந்து நின்றிருந்தார். தொட்டியில் அவருடைய சட்டைகள் மூன்று. மூன்றும் வெளுத்துக் கிடந்தன. முந்தின நாள்தான் அவற்றைக் கொடியில் பார்த்திருந்தேன்.

இஸ்திரியம்மா பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், மடித்து வைத்திருந்த தன் துணிகளை எடுத்து வந்து தொட்டியில் போட்டாள்.

“இதையும் சேத்துப் போடுங்க.”

இரண்டு பேருமாகத் துவைத்தார்கள். அலசினார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தார்கள். ஆவிக்குள் அவர்கள் உருவம் தெரிவதும் கரைவதுமாக இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஆறு வாரத்துக்குள் அவளும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டது போல எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் கொடியில் போட்டு முடித்த பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

“துணி வராத நேரம்னு ஒண்ணு கெடச்சிருக்கு. இன்னொரு தடவ கெடைக்குமோ என்னமோ.”

அவர் கடப்பாரையை வாங்கி எடை பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கே விறகை வெளியே எடுத்துப் போட்டார்கள்.

கொத்தனார் மூன்று நாள் வந்து சுவர் எழுப்பிக் கொடுத்தார். மற்றதெல்லாம் அவர்களே. காலையில் வந்த துணியை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் மண் குழைப்பார்கள். கறையக்கா முக்காலியில் உட்கார்ந்தபடி பழைய செங்கல்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். குழாயைத் திருப்பிய அன்று என் தரை ஆறிப்போயிற்று. முதல் தடவை அறைக்குள் சூடு விட்டபோது ஏதோ ஒரு பொருத்து சரியாகப் பிடிக்காமல் உள்ளே புகை நிரம்பிவிட்டது. சோதனைக்காகத் தொங்கவிட்ட அவர்கள் வீட்டு விரிப்புகள் கரியாக வெளியே வந்தன. ஆகட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். கறையக்கா ஒரு விரிப்பைப் பிடுங்கி முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்தாள். “இப்படி ஒரு கறைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. குடு, யாரும் தொடாதீங்க.”

இதற்கிடையில் துணி வரத் தொடங்கியிருந்தது. யாரும் விளம்பரம் செய்யவில்லை. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் போய்க் கேட்டால் துணி தயாராக இருக்கிறது என்பது மெல்லத் தெருவில் பரவியது. முடிதிருத்துகிறவர் துண்டுகளைக் கொடுத்தார். முனையில் இருந்த உணவுக்கடைக்காரர் மேசை விரிப்புகளைக் கொண்டுவந்தார். நூறு, நூற்றிருபது. ஒரு சனிக்கிழமை சரியாக நூற்றைம்பது ஆகிவிட்டது. நூற்று ஐம்பத்தொன்றாவதாக ஒரு கிழவர் ஒரு மேல்சட்டையோடு வந்தார். ஆகட்டும் தாளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். “திங்கக்கிழமை கொண்டாங்க ஐயா. புதன்கிழமை கையில இருக்கும்” என்றார். கிழவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். இவர் அந்தத் தலையாட்டலையே நம்ப முடியாமல் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தச்சர் இழுத்தடித்ததால் அறைக்குக் கதவு மட்டும் வரவில்லை. வாசலில் பழைய மெத்தை உறையைத் தைத்துத் தொங்கவிட்டார்கள். ஒரு புதன்கிழமை காலை, வெயில் நன்றாக இருக்கும்போதே, அன்றைய துணி முழுவதையும் உள்ளே போட்டுப் பார்ப்பது என்று இஸ்திரியம்மா சொன்னாள். போட்டார்கள். அவள் மட்டும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அன்று மத்தியானம் மேற்கே கறுத்தது. மழைக்காலம் தொடங்க இன்னும் பதினைந்து நாளாவது இருந்தது. மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து சூப்பில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அலுவலகத்துக்கு விடுமுறை என்பதால் நான் படியில் இருந்தேன். கூரைத் தகரத்தில் முதல் துளி டப்பென்று விழுந்தது.

மூவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். கிண்ணம் உருண்டது. கறையக்கா செருப்பில்லாமல் ஓடினாள். ஆகட்டும் கிளிப் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இஸ்திரியம்மா இரண்டு கைகளையும் ஏந்தியபடி முற்றத்தின் நடுவுக்குப் போய்விட்டாள். பதினொரு கொடிகளிலும் ஒன்றும் இல்லை. மழை பெரிதாகிவிட்டது.

“எதுக்குடா ஓடி வந்தோம்?” என்றாள் கறையக்கா.

மூன்று பேரும் அவரவர் நின்ற இடத்தில் நின்றார்கள். மழை அவர்கள் தலையிலும் தோளிலும் இறங்கிக்கொண்டிருந்தது. மெத்தை உறைக்குப் பின்னால் நூற்று நாற்பது உருப்படி அசையாமல் காய்ந்துகொண்டிருந்தது.

“வாம்மா, உள்ள போலாம். நனையற” என்றார் ஆகட்டும்.

“இருங்க.”

“சளி பிடிச்சுக்கும்.”

“மழைல ஓடித்தான் பழக்கம்” என்றாள் அவள், முகத்தை மேலே தூக்கியபடி. “நின்னு பாத்ததே இல்ல.”

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். கறையக்கா ஈர முற்றத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

வாசல் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “கடைல யாருங்க? துணி கொண்டாந்திருக்கேன்!”

ஆகட்டும் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

“கொஞ்சம் இருங்க!” என்று உரக்கக் குரல் கொடுத்துவிட்டு, அவர் அங்கேயே நின்றார்.